இனியா பேக்கரியின் இரண்டாவது கமா

அரங்கசாமியின் கல்யாணப் பத்திரிகையில் ஓர் எஸ் கூடுதலாக இருந்தது. அழைப்பவர்கள் அவருடைய அப்பா, அம்மா என்று இரண்டு பேர். ஆங்கிலப் பக்கத்திலோ ஒரே ஆள் அழைப்பதுபோல 'இன்வைட்ஸ்' என்று அச்சாகியிருந்தது. ஊருக்கெல்லாம் கொடுக்கவேண்டிய பத்திரிகைக் கட்டுகளை மாப்பிள்ளை தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்த எஸ் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகையில் கறுப்பு மையா என்று பெரியவர்கள் பதறினார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்றுகூடப் பெண் வீட்டில் பேச்சு வந்தது. கல்யாணப் பெண் பங்காரம்மா மட்டும், "எழுத்தெத்தானுங்க அடிச்சாரு, ஆளையா அடிச்சாரு?" என்று கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் பிற்பாடு பல சமயம் வருந்தியிருக்கிறாள்.

துடியலூரில் அவர்களுக்குச் சொந்த வீடு. ஒரு பம்புசெட் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்க்கும் வேலை அரங்கசாமிக்கு. யார் என்ன எழுதினாலும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். 'ரிவர்ட் பேக்' என்று எழுதுகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ரிவர்ட்டுலயே பேக்கு இருக்குது தம்பி. பொறவு இன்னொரு பேக்கு எதுக்கு, முதுகுல மாட்டிக்கவா?" என்பார். 'டிஸ்கஸ் அபவுட்' என்று ஒருவர் எழுதிவிட்டால் அன்று அரங்கசாமிக்கு மத்தியானச் சோறு இறங்காது. முதலாளியின் கடிதத்திலேயே கைவைத்தவர். முதலாளிக்குக் கோபம் வந்தாலும் ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்துகொண்டிருந்ததால் அவர் பொறுத்துக்கொண்டார்.

தமிழில் அவருக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. "கேட்டுக் கதவச் சாத்து", "நடு சென்டர்ல வை" என்று தாராளமாகப் பேசுவார். கேட்டு என்றாலும் கதவுதானே என்று பங்காரம்மா ஒருமுறை கேட்டதற்கு, "அது வேற டிப்பார்ட்மெண்ட்" என்றுவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் விஷயம் முற்றியது. கம்பெனியில் இருந்தவரை தப்புகள் தபால் வழியாக, வரிசையாக, அவருடைய அனுமதியோடு வந்தன. இப்போது செல்போன் வழியாக எந்நேரமும் கொட்டின. மருமகளாக வரப்போகிற நவ்யா, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், முதல்முறை வீட்டுக்கு வந்து கை கூப்பி "மைசெல்ஃப் நவ்யா" என்றபோது அரங்கசாமி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திருத்த வாயைத் திறந்தார். பங்காரம்மா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்து, அழுத்தியபடியே வைத்திருந்தாள். அதனால்தான் மகன் ஆதர்ஷுக்குக் கல்யாணம் நடந்தது.

அப்புறம் ஆனைமலையில் பங்காரம்மாவின் பெரியப்பா காலமானார். நிறைந்த வயசு. பங்காரம்மாவின் தம்பி வெங்கிடுசாமி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மலர்வளையப் படம் போட்டு, கீழே 'ரெஸ்ட் இன் பீஸ்' என்று எழுதினார். பீஸ் என்கிற ஓசைக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. ஒன்றுக்கு அமைதி என்று அர்த்தம். மற்றதற்குத் துண்டு. வெங்கிடுசாமி போட்டது துண்டு. அதைப் பார்த்து அடுத்தவர் போட்டார், அவரைப் பார்த்து அடுத்தவர். மொத்தச் சொந்தமும் சேர்ந்து பெரியப்பாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தது. அரங்கசாமி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினார்: 'காலமானவர் துண்டாக அல்ல, முழுதாக, அமைதியாக உறங்கட்டும். தயவுசெய்து எழுத்தைத் திருத்தவும்.' அன்று மாலைக்குள் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். செல்போனைப் பங்காரம்மா வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

கருமாதிக்கு ஆனைமலை போனபோது வாசலிலேயே வெங்கிடுசாமி நின்றிருந்தார். அரங்கசாமி பங்காரம்மாவின் பின்னால் ஒதுங்கினார். அந்த மனிதர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து அக்கா புருஷனிடம் நீட்டினார்.

"வாங்க பாவா. துண்டு வேணுமுங்களா?"

செத்தவரின் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அத்தோடு அந்தப் பகை தீர்ந்தது. ஆனால் செல்போன் பீரோவிலேயே இருந்தது.

போன் இல்லாத மனிதர் நடக்கத்தானே வேண்டும்? விடிகாலையில் துடியலூர் வீதிகளில் நடக்க ஆரம்பித்தார். பலகைகள் கண்ணில் பட்டன. சந்தைக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு பேக்கரி திறந்திருந்தார்கள். சிவப்பு பிளாஸ்டிக் எழுத்துகள், உள்ளே விளக்கு வைத்தது, ஆங்கிலத்தில்: 'இனியா'ஸ் பேக்கரி'ஸ்'. எஸ்ஸுக்கு முன்னால் உச்சியில் கமாபோலத் தொங்குகிற குறி இரண்டு இடத்தில். முதலாவது சரி, இனியாவுடையது என்று அர்த்தம். இரண்டாவது? பேக்கரியுடையது என்கிறது பலகை. பேக்கரியுடைய எது? பன்மையாக இருக்கட்டும் என்று வைத்தார்களா? பன்மைக்கு அந்தக் குறி கூடாது. தவிர, இருப்பது ஒரே ஒரு பேக்கரி. ஒரு கமாவில் இரண்டு குற்றம்.

முதல் நாள் நின்று பார்த்துவிட்டு வந்தார். அடுத்த நாள் வேறு வீதியில் போனார். ஆனால் கால் தானாக அங்கே கொண்டுவந்து விட்டது. வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி, "பேக்கரியோட எது, பேக்கரியோட எது?" என்று முனகினார். பங்காரம்மா அவர் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஒரு விடிகாலை, தோசைத் திருப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். கடை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றின்மேல் ஏறினார். தோசையைத் திருப்புகிற அதே கவனத்தோடு அடியில் விட்டு நெம்பினார். கமா கையோடு வந்தது. கீழே இறங்கி, தள்ளி நின்று, பலகையைப் பார்த்தார். எஸ் இன்னும் தப்புதான். ஆனாலும் காதில் புகுந்த தண்ணீர் வெளியே வந்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

துணி துவைக்கும்போது பேண்ட் பாக்கெட்டில் கையை விட்ட பங்காரம்மா, "ஏனுங்க, இதென்னுங்க செவப்பா, பிளாஸ்டிக் மொளகாயாட்டம்?" என்றாள்.

"கெடந்துச்சு, எடுத்தேன்."

அவள் அதைத் துணிக்கொடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தாள்.

இது இப்படி இருக்க, பேக்கரியில் அன்று பப்ஸ் உப்பவில்லை. பேக்கரிக்காரர் மருதாசலத்துக்கு அதுவரை அப்படி நடந்ததே கிடையாது. தட்டுத் தட்டாக அப்பளம்போல வெளியே வந்தன. மறுநாள் பிரிட்ஜ் நின்றது. அதற்கும் மறுநாள் பிறந்தநாள் கேக்கில் 'ஹேப்பி பர்த்டே' எழுதவேண்டிய இடத்தில் மாஸ்டர் ஞாபகப்பிசகாக 'ஹேப்பி ஜர்னி' என்று எழுதிவிட்டார். அது எழுபது வயசுக்காரரின் பிறந்தநாள். வந்த சண்டையை விலக்கிவிட்டு, தலையில் கைவைத்து நடுவீதியில் நின்ற மருதாசலம் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தார். பலகையில் ஒரு கமா இல்லை.

கடை கேமராவில் தேடினார். வேட்டி இல்லை, லுங்கி இல்லை, நன்றாக இஸ்திரி போட்ட பேண்ட் சட்டையில் ஒரு பெரியவர் தோசைத் திருப்பியோடு ஏறுவது தெரிந்தது. முகம் மட்டும் தெளிவில்லை. படத்தை யாரோ துடியலூர் குழுக்களில் போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றிச் சரவணம்பட்டிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை நவ்யாவின் போனில் துடியலூருக்கே திரும்பி வந்தது.

"மாமா, இங்க பாருங்க, உங்க ஏரியாவுல கமா திருடனாமா!" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

அரங்கசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்துக்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு வரி: 'தீஃப் கேச்டு இன் கேமரா.' அவர் முகம் சிவந்தது.

"கேச்டு இல்லம்மா! காட்! காட் ஆன் கேமரா! ஒரு வரியில ரெண்டு தப்பு. ஏறுனது நானு, எழுதறவனுக்கு ஒழுங்கா எழுதறதுக்கு என்ன?"

நவ்யா போனைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பங்காரம்மா எழுந்து போய், ஆணியிலிருந்த பிளாஸ்டிக் மிளகாயை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். கோபம் எல்லை மீறினால் அவளுக்குத் தாய்மொழியான தெலுங்குதான் வரும். அன்று வெகுநேரம் தெலுங்கு வந்தது.

அவளே பேக்கரிக்குச் சொல்லி அனுப்பினாள். சாயங்காலம் மருதாசலம் வந்தார். கூடவே, நெற்றியில் விபூதியும் கையில் தோல் பையுமாக இன்னொருவர். அவர் திருமூர்த்தி, மருந்துக்கடை மாடியில் எண் கணிதம் பார்க்கிறவர். அரங்கசாமி சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆனால் மருதாசலம் செருப்பை வெளியே விட்டு, கும்பிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க கமாவக் குடுத்துருங்க."

"அது கமா இல்லீங்க. அப்பாஸ்ட்ரஃபி. அங்க அது வரவே கூடாது. நாஞ் சொல்றனுங்க, கேளுங்க." அரங்கசாமி உடைமை, பன்மை எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக விளக்கினார். மருதாசலம் முழுசாகக் கேட்டார். நடுவில் தலைகூட ஆட்டினார்.

"நீங்க சொல்றது நெம்பச் சரிங்க. பலகை போட்ட பையனும் இதையேதானுங்க சொன்னான். இவருதான் ரெண்டு வேணும்னு போட வெச்சாரு."

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "இலக்கணம் உங்க பொழப்புங்க. இது என்ர பொழப்பு. அந்த ரெண்டும் கமா இல்லீங்க. ஒண்ணு ராகு, ஒண்ணு கேது. ஒண்ணெ ஒண்ணு பாத்துட்டிருக்கற வரைக்கும் யாவாரம் நிக்கும். நீங்க ராகுவ அங்கயே உட்டுப்போட்டு, கேதுவ மட்டும் பேண்ட் பாக்கெட்டுல கொண்டு வந்துட்டீங்க."

"அதைத்தான் நான் துணிக்கொடிக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தேன்," என்றாள் பங்காரம்மா, திகிலோடு.

"எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேண்டாம்," என்றார் அரங்கசாமி.

"அப்படி ஆகாதுங்க. எடுத்த கையேதான் ஒட்டணும்," என்றார் திருமூர்த்தி.

அரங்கசாமி அரண்டுபோனார். கேஸ் போட்டிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பார். ஜெயிலில் போட்டாலும் அங்கிருக்கும் ஆங்கில அறிவிப்புகளைத் திருத்திக்கொண்டு காலம் தள்ளியிருப்பார். தன் கையால் ஒரு தப்பை எழுதுவது என்பது அவர் வாழ்க்கையில் நடந்ததே இல்லை. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். மருதாசலம் அதற்குள், "என்ர புள்ள பேர்ல வெச்ச கடைங்க. இனியான்னு," என்று மெல்லச் சொன்னார். என்றைக்கு ஒட்டவேண்டும் என்று அரங்கசாமி கேட்டார்.

வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். பேக்கரி முன்னால் வாழைமரம் கட்டி, பலகைக்கு மாலை போட்டு, நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். கேதுவைத் தாம்பாளத்தில் வெற்றிலைமேல் வைத்துக் கொண்டுவந்தார்கள். பார்க்க வந்த கூட்டத்தில் டவுன் பஸ் ஒன்று மாட்டிக்கொண்டு, டிரைவரும் இறங்கி வேடிக்கை பார்த்தார். அரங்கசாமி பசை தடவிய கமாவோடு ஏணியில் ஏறினார். நல்ல நேரம் தொடங்கியது. மேளம் கெட்டியாக முழங்கியது.

கமா பலகைக்கு அரையடி முன்னால் நின்றது. அதற்குமேல் கை போகவில்லை.

"ஒட்டுங்க சார்!" என்றார் மருதாசலம் கீழே இருந்து.

"வர மாட்டேங்குதுங்க!"

"பசை வரலீங்களா?"

"கை வரலீங்க!"

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். தூறல் விழ ஆரம்பித்தது. ஏணியின் உச்சியில், மாலை போட்ட பலகைக்கு எதிரே, அரங்கசாமிக்குக் கண் கலங்கியது. ஊரே பார்க்கிறது, ஒரு மனிதரின் பிழைப்பு தன் விரலில் தொங்குகிறது, ஆனால் விரல் கேட்கமாட்டேன் என்கிறது. அப்போதுதான் அத்தனை நாள் தொண்டையில் கிடந்த கேள்வி வெளியே வந்தது.

"பேக்கரியோட எதுங்க?" என்று கத்தினார். "பின்னால ஒரு பொருள் இருந்தாப் போதுங்க! இனியாவோட பேக்கரியோட என்னமோ ஒண்ணு! அப்படி ஒரு சொல்லச் சேத்துப்போட்டா கமா சரியாயிரும். உங்களுக்குக் கேது, எனக்கு இலக்கணம்!"

மருதாசலம் திருமூர்த்தியைப் பார்த்தார். திருமூர்த்தி விரல் விட்டு எண்ணி, "சேக்கலாமுங்க. ஆனா எண்ணு கூடி வரணும்," என்றார்.

"பன்னு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

திருமூர்த்தி கணக்குப் போட்டார். "சனி."

"பப்ஸ்!"

"வேண்டாமுங்க, நெருப்பு."

"கேக்கு! டீ! முட்டக்கோசு பப்ஸ்!" என்று நாலாபக்கமும் கத்தினார்கள். பஸ் டிரைவர் "ஓனர்!" என்றார். பேக்கரியின் ஓனர். மருதாசலத்துக்கு அது பிடித்துத்தான் இருந்தது. திருமூர்த்தி முகத்தைச் சுளித்து, "ஓனருக்கே ஆகாது," என்றதும் விட்டுவிட்டார். நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. தூறல் வலுத்தது. அரங்கசாமியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

பங்காரம்மாவுக்குப் பொறுமை போயிற்று. "ஏனுங்க, அத்தன பேரு நிக்கறீங்க, நனையற மனுசனுக்கு ஒரு கொடையாச்சும் புடிக்கலாமல்லங்க?" என்று சொல்லித் தன் குடையை விரித்து ஏணிக்கு மேலே உயர்த்தினாள்.

திருமூர்த்தி சடாரென்று திரும்பினார். "அம்மிணி, என்ன சொன்னீங்க?"

"கொடைன்னேன்."

"அம்பர்லா." அவர் உதடு அசைந்தது. விரல்கள் ஓடின. ஒருமுறை கூட்டினார், அழித்துவிட்டு மறுபடி கூட்டினார். பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "சுக்கிரனுங்க! சுத்தமான சுக்கிரன்!"

எல்லாரும் ஏணி உச்சியைப் பார்த்தார்கள். அரங்கசாமி கண்ணை மூடி வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். இனியாவின் பேக்கரியின் குடை. உடைமைக்கு உடைமை, பொருளுக்குப் பொருள். எங்கேயும் ஓட்டை இல்லை.

"சரியா இருக்குதுங்க," என்றார். கமாவைப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மேளம் முடிகிறவரை கையை எடுக்காமல் நின்றார்.

அடுத்த வாரமே பலகையில் குடை என்ற ஆங்கிலச் சொல்லும் ஏறிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இல்லாத பொருளுக்கு உடைமை கிடையாது, ஆகவே பேக்கரிக்கு நிஜமாகவே ஒரு குடை வேண்டும் என்று அரங்கசாமி போய் நின்றார். மருதாசலம் மறுபேச்சுப் பேசாமல், இளநீர் வண்டிக்குப் போடுவதுபோல் பெரிய குடை ஒன்றை வாசலில் நட்டுவைத்தார். பப்ஸ் உப்பியது. அதற்குக் காரணம் கேதுவா, மாஸ்டர் மாற்றிய மைதாவா என்று யாரும் கேட்கவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கியவர்கள் டீ குடித்தார்கள். ஊர்க்காரர்கள் கொடை பேக்கரி என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

வெளியூர்க்காரர்களால்தான் தொல்லை. பலகையைப் பார்த்துவிட்டுக் கம்பி உடைந்த குடையோடு வந்து நின்றார்கள். இங்கே பன்தான் கிடைக்கும் என்று சொல்லி அனுப்ப மருதாசலத்துக்கு மனசு வரவில்லை. முதலில் கம்பியை மட்டும் நிமிர்த்திக் கொடுத்தார். பிறகு ஊசி நூல் வாங்கினார். இப்போது கேக்குக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ரிப்பேருக்கு வந்த குடைகள் கொத்தாகத் தொங்குகின்றன. மழைக்காலத்தில் பன்னைவிட அதில்தான் ஓட்டம்.

அரங்கசாமிக்கு அங்கே தினமும் டீயும் தேங்காய் பன்னும் உண்டு. திருமூர்த்தியும் பல நாள் வருவார். புதிதாகக் கடை வைக்கிறவர்களுக்கு எண் பார்த்துப் பெயர் சொல்லுமுன், "சார், இது உங்க சைடுல தாங்குமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். இருவருக்கும் ஒத்துவருகிற பெயர் கிடைப்பது அபூர்வம். கிடைத்தவை எல்லாம் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தன. கணபதி ஏரியாப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைப் பெயரில் ஒட்டகம் வருகிறது.

போன மாசம் பேக்கரிக்கு நேர் எதிரே கறிக்கடை ஒன்று வந்தது. பலகையில் ஆங்கிலத்தில் கோழி, ஆடு, மீன், காடை என்று ஒவ்வொரு பிராணியின் பெயருக்கும் பின்னால் ஒரு கமாவும் எஸ்ஸும். அரங்கசாமி டீயைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தார். உதடு அசைய ஒவ்வொரு கமாவாக எண்ண ஆரம்பித்தார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த மருதாசலம் எதிர்ப்பலகையை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"சித்த எந்திரிங்க சார்," என்றார்.

அரங்கசாமி எழுந்தார். மருதாசலம் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, அதன்மேல் இருந்த பன் துணுக்குகளைத் தட்டிவிட்டார்.

"இப்ப உக்காருங்க."

அரங்கசாமி உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி டீயைக் குடித்தார்.